சௌக்கிட்டில் வாங்கிய துரை பூட்ஸ்

முதலில் விலை. ட்ரிக்கர்ஸ் பூட்ஸ் ஒரு ஜோடி, பழையது, 280 மலேசிய வெள்ளி. மோல்ஸ்கின் கால்சட்டை ஒன்று, அதுவும் பழையது, 45 வெள்ளி. பேரங்காடியில் புத்தம்புதிதாக வாங்கிய இன்னொரு கால்சட்டை, 'பிரிட்டிஷ் கிராமத்துப் பாரம்பரியம்' என்று அட்டை தொங்கியது, 690 வெள்ளி. மூன்றில் ஒன்று இப்போது என் காரைத் துடைக்கிறது. எது என்று சொல்லத் தேவையிருக்காது.

இந்த வெயிலில் வெள்ளைக்காரன் உடுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். எனக்குத் தொழில் ஏர்கோன் பழுதுபார்ப்பது, குடியிருப்பது கோலாலம்பூர் செந்தூலில். வார இறுதியில் காராக் நெடுஞ்சாலையைப் பிடித்து பெந்தோங் பக்கம் போய்விடுவேன். மாமனார் விட்டுப்போன சின்ன டுரியான் தோட்டம் அங்கே மேட்டில் இருக்கிறது. விடியற்காலையில் அங்கே நல்ல குளிர். புல் முழங்கால் வரை நனைந்திருக்கும், நிழலில் இரத்தம் குடிக்கும் அட்டை காத்திருக்கும், கீழே உதிர்ந்து கிடக்கும் பிஞ்சு டுரியான் முள் சிலிப்பரைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். காலுக்கும் முழங்காலுக்கும் கெட்டியாக ஏதாவது வேண்டும். ஸ்காட்லாந்திலும் யார்க்‌ஷயரிலும் ஆடு மேய்ப்பவனுக்கும் வேட்டைக்காட்டுக் காவலாளிக்கும் நூறு வருடமாகத் தேவைப்பட்டது ஏறக்குறைய இதேதான். அங்கே குளிர் அதிகம், இங்கே அட்டை அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சௌக்கிட் பக்கம் பண்டல் கடைகளைத் தெரியாத கோலாலம்பூர்க்காரர் இருக்க முடியாது. பெரும்பாலும் ஜப்பானிலிருந்து அழுத்திக் கட்டிய மூட்டைகளாகப் பழைய உடுப்பு வரும். மூட்டை பிரிக்கும் நாளில் விடலைப் பையன்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அவர்கள் தேடுவது பழைய பாட்டு டீ-ஷர்ட்டும் அமெரிக்க ஜீன்ஸும். பூட்ஸ் பக்கம் கூட்டம் குறைவு. நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் கிளந்தான் மலாய்க்காரர், பேச்சு குறைவு, பேரம் அதைவிடக் குறைவு. கடை நீளமான குகை மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பூச்சி உருண்டையும் பழைய பருத்தியும் கலந்த அந்தப் பண்டல் வாசம் சட்டையில் ஏறி வீடு வரைக்கும் வரும். மின்விசிறி ஒன்றுதான். கண்ணாடி உண்டு, உடுப்பு மாற்ற அறை கிடையாது; கால்சட்டை வாங்கப் போனால் உள்ளே ஒரு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வங்கி அட்டை தேய்க்க வழியில்லை, ரொக்கம் அல்லது கியூஆர். கடைக்கு நான் நல்ல மதிப்பெண்தான் கொடுப்பேன், ஒரே குறை: ஜோடி பிரிந்த பூட்ஸை ஜோடி சேர்த்து வைக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. என் ஜோடியின் இடது கால் ஒரு கூடையில், வலது கால் மூன்று கூடை தள்ளி.

ட்ரிக்கர்ஸ் இங்கிலாந்தின் நார்த்தாம்டனில் 1829ல் தொடங்கிய பட்டறை. அந்த ஊரே செருப்புத் தைத்துப் பிழைத்த ஊர். இன்றும் இவர்கள் அங்கேயேதான் தைக்கிறார்கள். கணுக்காலுக்கு மேலே ஏறும் இவர்களுடைய கிராமத்து பூட்ஸுக்கு ஜப்பானில் பெரிய மவுசு. புதிதாக வாங்கப் போனால் இங்கிலாந்திலேயே 500 பவுண்டுக்கு மேல், நம்ம காசுக்கு 3000 வெள்ளி பக்கம். தோக்கியோக்காரர் யாரோ வாங்கி, மாட்டி, சலித்துப்போய்க் கழித்துவிட்ட ஜோடி சௌக்கிட் கூடையில் வந்து விழுந்திருக்கிறது.

என் ஜோடி நல்ல கருநீலம். எந்தப் பண்ணைக்காரனும் கருநீல பூட்ஸ் கேட்டிருக்க மாட்டான். விளிம்பில் வெள்ளைத் தையல் வேறு, எட்டடி தள்ளி நின்றாலும் தெரியும். தெருவில் போட்டுக்கொண்டு திரிய, போட்டோ எடுக்க, ஃபேஷன்காரர்களுக்காகவே செய்த ஜோடி என்பதில் சந்தேகமில்லை. வாங்கும்போது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. குதிகால் தேய்ந்து, தோல் சோல் நடுவில் மெலிந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

மஸ்ஜித் ஜாமேக் பக்கம் ஐந்தடி நடைபாதையில் செருப்புத் தைக்க உட்கார்ந்திருக்கும் நம்ம ஆள் ஒருவரிடம் கொண்டுபோனேன். வயது எழுபது இருக்கும். பூட்ஸைக் கையில் வாங்கினார், கவிழ்த்தார், ஊசியை ஓரத்தில் விட்டு ஒரு நெம்பு நெம்பினார்.

"தம்பி, இதுல பசைய நம்பல. நூல நம்பியிருக்கான்."

"புது சோல் போடலாமாண்ணே?"

"போடலாமாவா? போடுறதுக்குன்னுதான் இப்படித் தச்சிருக்கான். மேல் தோலத் தொடவே வேணாம்."

அவர் காட்டியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மேல்தோலையும் உள் அட்டையையும் சுற்றி ஒரு தோல் வார் ஓடுகிறது. முதல் தையல் அந்த மூன்றையும் சேர்க்கிறது. இரண்டாம் தையல் அந்த வாரையும் அடி சோலையும் மட்டும் சேர்க்கிறது. சோல் தேய்ந்தால் இரண்டாம் தையலைப் பிரித்துவிட்டுப் புது சோலை அதே வாரில் தைத்துவிடலாம். இடையில் தக்கைத் தூள் நிரப்பியிருப்பதால் நாளாக நாளாக அது உங்கள் பாதத்தின் அச்சுக்கு அமுங்கும். இதற்கு குட்இயர் வெல்ட் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் வந்த இயந்திரம், ரப்பரைப் பக்குவப்படுத்திய சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில். இந்தக் கிராமத்து பூட்ஸில் அந்த வாரின் விளிம்பை மேல்நோக்கி மடித்து மேல்தோலோடு அணைத்துவிடுகிறார்கள். மழைத்தண்ணீர் தையல் வழியே உள்ளே போகாது. பெந்தோங் சேற்றில் அதைச் சோதித்துப் பார்த்தேன். கணுக்கால் ஆழ ஓடையைக் கடந்தும் காலுறை நனையவில்லை.

ஆக, நிறம் தோக்கியோவுக்கு, வயிற்றுப்பகுதி நார்த்தாம்டனுக்கு. ஃபேஷன்காரனுக்குச் செய்தபோதும் உள் தையலைக் கஞ்சத்தனம் பண்ணவில்லை. இது ஒன்றுக்காகவே இந்த நிறுவனத்தின் மேல் எனக்கு மரியாதை. அண்ணன் குமிழ் வைத்த ரப்பர் சோல் போட்டு, கையாலேயே தைத்து, 180 வெள்ளி வாங்கினார். மொத்தம் 460 வெள்ளிக்கு இன்னும் பத்து வருடம் உழைக்கும் பூட்ஸ்.

குறை இல்லாமலில்லை. கனம் அதிகம். முதல் சில வாரம் குதிகாலைக் கடித்துத் துப்பியது. மேல்தோலில் அலங்காரத்துக்குப் போட்டிருக்கும் அந்தச் சின்னச் சின்னப் பொட்டுத் துளைகளுக்குள் நம்ம ஊர்ப் பூஞ்சணம் குடும்பத்தோடு குடியேறுகிறது. மூடிய அலமாரியில் வைக்கவே கூடாது. நனைந்தால் வெயிலில் காய வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்கு முன்னால் போடுங்கள்.

இனி ரப்பர் பூட்ஸ். இதை நான் வாங்கவில்லை, ஆனால் பேசாமல் விட முடியாது. தோட்டத்து ஆட்களுக்கு இது சொந்தக் கதை.

ரப்பர் பூட்ஸை இங்கிலாந்தில் வெலிங்டன் பூட்ஸ் என்பார்கள். அதற்குப் பெயர் கொடுத்தவர் வெலிங்டன் பிரபு ஆர்தர் வெல்லஸ்லி. 1799ல் திப்பு சுல்தான் விழுந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பினாங்கிலும் வந்து இறங்கியிருக்கிறார். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறையை 'புரோவின்ஸ் வெல்லஸ்லி' என்று வெள்ளைக்காரன் அழைத்தது அவருடைய அண்ணன் பேரில். அவர் போட்டது தோல் பூட்ஸ். ரப்பரில் அது வந்தது பின்னால். எடின்பரோவில் 1856ல் ஓர் அமெரிக்கர் தொடங்கிய நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனிதான் பின்னாளில் ஹன்டர் ஆனது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சேற்றில் நிற்கும் சிப்பாய்களுக்காக 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகளைச் செய்து கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்குப் போன ரப்பரில் பெரும் பங்கு மலாயாவிலிருந்து போனது. 1877ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் தொடங்கியது. அதில் சில கோலகங்சாரில் நட்டவை. அதன்பின் கங்காணி கூட்டிவந்த ஜனம், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், ரப்பர் பால்வெட்டு. எந்த மங்கில் வடிந்த பால் எந்தச் சிப்பாயின் காலுக்குப் போனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. வெட்டியவர்களுக்கு மட்டும் வெகுகாலம் வெறுங்கால்தான்.

ஹன்டரின் பச்சை பூட்ஸ் 1950களின் நடுவில் வந்தது. பண்ணைக்காரரும் பிரபுக்களும் ஒரேபோல மாட்டினார்கள், அரண்மனை முத்திரையும் கிடைத்தது. 2005ல் கிளாஸ்டன்பரி இசைவிழாச் சேற்றில் மாடல் அழகி கேட் மாஸ் அரைக்கால் சட்டையோடு அதை மாட்டிக்கொண்டு நின்ற போட்டோ உலகம் சுற்றியது. அடுத்த வருடமே கம்பெனி கடனில் கவிழ்ந்து கைமாறியது. 2008ல் ஸ்காட்லாந்துத் தயாரிப்பு நின்று வேலை சீனாவுக்குப் போனது. 2014ல் லண்டன் ஃபேஷன் வாரத்தில் மேடை ஏறினார்கள். 2023ல் மறுபடி கவிழ்ந்தது; பெயரை மட்டும் அமெரிக்காவின் ஆதென்டிக் பிராண்ட்ஸ் குரூப் வாங்கிக்கொண்டது. வெயில் காலம் நீண்டதும், பெருந்தொற்றும், பிரெக்ஸிட்டும் காரணம் என்று சொன்னார்கள். எனக்கென்னவோ, இசைவிழாவுக்குப் போகிறவள் ஒரு ஜோடி வாங்கினால் அடுத்த ஜோடி எப்போது வாங்குவாள் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லையோ என்று தோன்றுகிறது. மாட்டுக்காரனுக்கு பூட்ஸ் கிழியும், திரும்ப வருவான். திருவிழாக்காரிக்கு அது அலமாரியில் கிழியாமல் இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் நாங்கள் போடுவது 30 வெள்ளி பிவிசி பூட்ஸ். அச்சில் ஊற்றி ஒரே தடவையில் எடுத்தது. செம்பனைத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அதுதான். உள்ளே வியர்வை குளமாகும், வருடம் ஒன்றில் மடிப்பில் வெடிக்கும், தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவோம். அதற்கு விமர்சனம் எழுத ஒன்றுமில்லை.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அதுவும் வேண்டாம். பல வருடம் பால் வெட்டிய கால். அவர் போடுவது அடிடாஸ் கம்போங். தெரியாத பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கறுப்பு ரப்பரில் ஒரே வார்ப்பாகச் செய்த, அடியில் பந்து பூட்ஸுக்கு இருப்பதுபோல் குமிழ் வைத்த செருப்பு. அடிடாஸ் கம்பெனிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விலை 12 வெள்ளி. பால்வெட்டுக்காரர்கள் போட்டதை இப்போது மலையேறுகிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். ஈரப் பாறையிலும் வேரிலும் அதற்கு இருக்கும் பிடிப்பு விலையுயர்ந்த பூட்ஸுக்கு இல்லை என்பார்கள்.

என் நீல பூட்ஸைப் பார்த்து அத்தை சிரித்தார். "என்னங்க மாப்பிள்ள, துரை பூட்ஸா? துரைகூட நீலத்துல போடல."

"தையல் நல்லா இருக்குங்கத்தே."

"இருக்கட்டும். எனக்கு இதுவே போதும். இப்ப மலை ஏறுறவங்கள்லாம் இதப் போட்டுட்டுப் போட்டோ எடுத்துக்கிறாங்களாம். நாங்க போட்டப்ப ஒருத்தனும் எடுக்கல."

கவனியுங்கள், ஃபேஷன் அந்தச் செருப்பையும் தேடி வந்தது. செய்கிறவர்கள் அசையவில்லை. அதே கறுப்பு, அதே குமிழ், அதே சந்தைக்கடை விலை.

கால்சட்டைக்கு வருகிறேன். மோல்ஸ்கின் என்பது தோல் இல்லை, பருத்தி. ஊடை நூலை அடர்த்தியாக அடித்து நெய்து, மேற்பரப்பைச் சுரண்டி மென்மையாக்கியது. தொட்டால் வெல்வெட்டுக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு சுகம். காற்று புகாது, முள் எளிதில் ஏறாது. இங்கிலாந்தில் முதலில் கூலிக்காரரும் காவலாளிகளும்தான் போட்டார்கள். என்னுடையதில் லேபிளின் கம்பெனிப் பெயர் தேய்ந்துபோய், இங்கிலாந்தில் செய்தது என்பது மட்டும் மிச்சம். பச்சைப்பழுப்பு நிறம். இடுப்பின் பின்பக்கம் மேலே ஏறி இரண்டாகப் பிளந்திருக்கும், தோள்வார் மாட்டுவதற்கு. பைகள் முழங்கை வரை போகும் ஆழம். கத்தரிக்கோலும் போனும் குனிந்தால் விழாது. அட்டை அதன்மேல் ஏறும், கடிக்க முடியாமல் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். கால்முனையைக் காலுறைக்குள் செருகிவிட்டால் தட்டிவிட நேரம் கிடைக்கிறது.

வெயில் ஏறினால் மட்டும் தாங்காது. பத்து மணிக்கு மேல் அதற்குள் நிற்பது தண்டனை. துவைத்தால் செந்தூல் அடுக்குமாடி பால்கனியில் இரண்டு மூன்று நாள் காயாது, காயும்முன் நாற்றம் எடுக்கும். வெயில் நிச்சயமான காலையில் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும். கோலாலம்பூருக்குள் அதைப் போட ஒரே இடம் என் வாடிக்கையாளர்களின் அலுவலகம். 18 டிகிரியில் ஏர்கோனை வைத்துவிட்டு மேஜைக்கடியில் போர்வை வைத்திருப்பவர்கள்.

அந்த 690 வெள்ளி. பெயர் பெற்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனி, பெயர் வேண்டாம். அட்டையில் நாயும் துப்பாக்கியுமாக ஒரு கனவான் புல்வெளியில் நிற்கிறார். விற்ற பெண் மரியாதையானவர்: "ஸ்லிம் கன்ட்ரி ஃபிட், சார்." நூற்றுக்கு 3 எலாஸ்டேன், அதாவது இழுபடும் நூல். துணி மெல்லிய ட்வில், மேலே கொஞ்சம் சுரண்டி மோல்ஸ்கின் வேஷம். இடுப்பின் இருபக்கமும் இறுக்கும் பட்டி இருந்தது, இழுத்தால் அசையாது, வெறுமனே தைத்து வைத்தது. கால்முனை அவ்வளவு ஒடுக்கம், பூட்ஸுக்கு மேலேயும் வராது, காலுறைக்குள்ளேயும் சுருங்காது. பையில் போனை வைத்தால் பாதி வெளியே. மரத்தடியில் களை பிடுங்கக் குந்தினேன், இருக்கைத் தையல் விட்டுவிட்டது. எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் மேலாளர் வந்தார். இது வெளிவேலைக்கான உடுப்பு இல்லை என்றார். நான் அந்த அட்டையைக் காட்டினேன். நாயும் துப்பாக்கியுமாக அந்தக் கனவான் என்ன, அலுவலக வேலையா பார்க்கிறார்? மேலாளரும் சிரித்தார். பணம் திரும்பவில்லை.

ஃபேஷனைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பார்பர் கம்பெனியைப் பாருங்கள். சௌத் ஷீல்ட்ஸில் 1894ல் ஜான் பார்பர் தொடங்கியது, மெழுகு ஏற்றிய மழைக்கோட்டுக்குப் பெயர் போனது. 2020ல் நியூயார்க்கின் சுப்ரீம் ஃபேஷன் கம்பெனியோடு சேர்ந்து சிறுத்தைப் புள்ளி போட்ட கோட்டுகூட விற்றார்கள். ஆனால் அப்பாவின் பழைய கோட்டை அனுப்பினால் கிழிசல் தைத்து, மறுபடி மெழுகு ஏற்றி இன்றும் திருப்பி அனுப்புகிறார்கள். நம்ம ஊர் வெக்கையில் அந்த மெழுகு இளகி கார் சீட்டில் ஒட்டும் என்பதால் எனக்கு உதவாது, கேமரன்மலையில் வீடு இருப்பவர்கள் யோசிக்கலாம். நான் பார்க்கிற ஒரே விஷயம் இதுதான்: கிழிந்த பொருளைத் திரும்பக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறானா, முகத்தைச் சுளிக்கிறானா.

பண்டலில் வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். சோலின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பியூ (பாலியூரித்தேன்) நுரை சோல் என்றால் நம்ம ஈரக்காற்றில் அலமாரிக்குள் சும்மா இருந்தே மக்கிவிடும். கல்யாண வீட்டில் பாதிச் சோல் மண்டபத்திலும் பாதி காலிலுமாக நின்ற சித்தப்பாக்களை எல்லோருக்கும் தெரியும். நகம் பதிந்து அப்படியே நின்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் கூடையிலேயே போட்டுவிடுங்கள். உள்ளே கையை விட்டுப் பாருங்கள், உள் அட்டை வெடித்திருந்தால் எந்த அண்ணனாலும் காப்பாற்ற முடியாது. ஓரத்தில் தையல் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள், சில பூட்ஸில் பசைபோட்ட சோலுக்கு மேலே சும்மா நூல் ஓட்டி வைத்திருப்பார்கள். அடியில் திருப்பி அதே தையல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவு இங்கிலாந்துக் கணக்கில் இருக்கும், நீங்கள் ஓட்டச் செருப்பு வாங்கும் அமெரிக்க எண்ணிலிருந்து ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள்.

கால்சட்டையில் இடுப்பு 36க்கு மேல் என்றால் அந்தக் கடையில் நேரம் போக்க வேண்டாம். மூட்டை ஜப்பானிலிருந்து வருகிறது. 30ம் 32ம் குவிந்து கிடக்கும், 34 அபூர்வம். என்னுடையது 34. தோட்டத்துக்குப் போகும் வழியில் நாசி லெமாக் சாப்பிட்டால் மேல் பட்டன் போடாமல்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.